அம்மை வந்து போன தடம்

அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில்தான் வைக்க வேண்டும் என்றாள் என் மனைவி. எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. அவளுக்கு இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று எடுத்த போட்டோ ரோலில் வெளிச்சம் புகுந்துவிட்டது. தாலி கட்டுகிற படம் ஒன்றுகூடத் தேறவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிக்காட்டுகிறாள். இந்தத் தடவை படம் வேண்டும். அவ்வளவுதான்.

இருபது நாள் முன்னாலேயே மாப்பிள்ளை வந்துவிட்டார். மகளுக்கு லீவு இல்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர். அணுவைவிடச் சின்னதாக ஏதோ துகள், அதைத் தேடுகிறார். பதினோரு வருஷமாக.

“காணாமப் போயிடுச்சா?”

“இல்ல மாமா. இருக்கான்னே தெரியாது.”

“அப்ப எப்படித் தேடுறீங்க?”

“அதைப் பாக்க முடியாது. அது போன தடத்தைத் தேடுறோம்.”

வயல் எலி மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் கொப்புளம். டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். நாங்கள் வாசலில் வேப்பிலை கட்டினோம். வீட்டில் தாளிப்பது நின்றது.

“நான் பாத்துக்கறேன். எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயாச்சு. ஒரு தடவை வந்தா மறுபடி வராது,” என்றேன்.

“எனக்கும்தான் வந்துச்சு. ஆனா சமையலை யார் பாக்கறது?” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மாப்பிள்ளை படுத்தபடியே கேட்டார். “வந்ததுக்கு என்ன ஆதாரம் மாமா?”

மூக்குமேல் இருந்த தழும்பைக் காட்டினேன். வேப்பிலையில் படுத்திருந்தது, இளநீர் குடித்தது எல்லாம் சொன்னேன்.

“தடம் இருக்கு. ஆனா வேற எதுவும் அந்தத் தடத்தைப் போட்டிருக்கக் கூடாது. அதையெல்லாம் கழிச்சுப் பாக்கணும்.”

கழித்துப் பார்க்கப் பட்டுக்கோட்டையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அது தப்பு.

“மூக்குல இருக்கறதா? அது கோழி கொத்துனதுடா. குஞ்சைத் தூக்கிக்கிட்டு ஓடுனியே!”

“வேப்பிலையில படுத்திருந்தேனே அக்கா?”

“அம்மை எனக்குடா வந்துச்சு. எனக்கு மட்டும் இளநி குடுக்கறாங்கன்னு நீ பொரண்டு அழுதே. தொல்லை தாங்காம உன்னையும் பக்கத்துல போட்டாங்க. என் இளநியில பாதிய நீதான் குடிச்சே.”

மாப்பிள்ளை சிரித்தார். கொப்புளம் வலித்து நிறுத்தினார்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

“அறுபது வருஷமா வராத அம்மையை வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. இப்ப வந்துச்சுன்னா என் கல்யாணம் என்னாகறது?”

மாப்பிள்ளைதான் சொன்னார். “பக்கத்துல படுத்ததால மாமாவுக்கு லேசா வந்து, தெரியாமப் போயிருக்கலாம் அத்தை. ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும்.”

“அம்மா வந்திருக்கற வீட்டுல ஊசி குத்தறதா? வேணாம்,” என்றாள்.

ஆகவே காத்திருந்தோம். தினமும் காலையில் சட்டையைக் கழற்றி முற்றத்து வெயிலில் நிற்பேன். மாப்பிள்ளை கட்டிலில் இருந்து போன் லைட் அடிப்பார். அவள் முதுகைப் பார்ப்பாள்.

“இது என்ன?”

“மச்சம்.”

“முந்தி இல்லையே.”

“நீ முந்தி பாக்கலை.”

மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மச்சம் ஏழு. வேர்க்குரு நிறைய. அம்மை இல்லை. இப்படியே நாள் போனது. மாப்பிள்ளைக்கு மூன்று தலைத்தண்ணீரும் ஊற்றியாயிற்று.

கல்யாணத்தன்று காலை என் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி.

கார் வாசலில் நின்றது. அவள் பட்டுப்புடவையோடு நின்றாள். முதல் நாள் ராத்திரிதான் வந்த மகள் ஒன்றும் புரியாமல் பூக்கூடையோடு நின்றாள். மாப்பிள்ளை குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒரே ஒரு புள்ளியை வெச்சு எதையும் கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்லக் கூடாது. எங்க லேபுல அப்படிச் சொல்லி நிறையப் பேர் மாட்டியிருக்காங்க. மாமா, நேத்து எங்க உக்காந்திருந்தீங்க?”

“நெல்லு காயுற இடத்துல.”

புள்ளியை அமுக்கினார். நடுவில் கடிவாய் இருந்தது.

“கட்டெறும்பு. கிளம்புங்க.”

திருக்கடையூரில் கலசத் தண்ணீர் தலையில் விழுந்தது. தாலி கட்டினேன். போட்டோக்காரர் மூன்று தடவை கட்டச் சொன்னார். கட்டினேன்.

மறுநாள் காலை அவள் முகத்தில் நாலு கொப்புளம். வயிற்றில் ஆறு. எனக்கு ஒன்றும் இல்லை.

“உனக்கு வந்துச்சுன்னு சொன்னியே?” என்றேன்.

“நீங்க சொன்னீங்க, நானும் சொன்னேன்.”

மாப்பிள்ளை போனில் வந்த கல்யாணப் படத்தைப் பெரிதாக்கினார். நான் தாலி கட்டுகிறேன். அவள் தலை குனிந்திருக்கிறாள். காதுக்குப் பின்னால், மல்லிப்பூவுக்குக் கீழே, சிவப்பாக ஒரு புள்ளி.

“அத்தை, இது அப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு. உங்க மாமாவுக்குக் கட்டெறும்புன்னா எனக்கும் கட்டெறும்புதான்.”

பழைய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுசு கட்டினேன். இளநீர் சீவிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்பும்போது, படத்தில் அந்தப் புள்ளியை அழித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

“வேணாம், இருக்கட்டும்,” என்றாள். “பதினோரு வருஷத்துல நீங்க கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான்.”