பேரை மட்டும் மாற்றித் தரச் சொன்னார்கள்

கனகேஸ்வரி முப்பது வருடத்துக்கு மேல் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டச்சு செய்தவர். “தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்” என்ற ஒரே கடிதத்தை, பேரை மாற்றி மாற்றி எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற பிறகுதான், வெள்ளவத்தை ஃப்ளாட்டில், அவருடைய கை தன் பாட்டில் வேலை செய்யத் தொடங்கியது. பழைய சட்டைப் பொத்தான்களைத் தலையணை உறையில் மீன்களாகத் தைத்தார். புட்டுக்குள் என்னென்னவோ வைத்து அவித்துப் பார்த்தார். தெரிந்தவர்களின் பிறந்தநாளுக்கு, அவர்களைப் பற்றியே நாலு வரிப் பாட்டுக் கட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

கீழ்மாடி ஹமீமாவுக்கு ஐம்பது வயதானது. ஹமீமா பஸ்ஸிலும் மருந்து வாங்கும் பாமசியிலும் விட்டுவிட்டு வந்த குடைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து, அவரைத் தேடி, வாகனம் நிறைந்த காலி வீதியில் ஊர்வலம் போவதாகக் கனகேஸ்வரி எழுதினார். ஹமீமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன.

அந்த அட்டையை மகன் மிதுஷன் படமெடுத்து, அம்மாவைக் கேளாமலே ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து போட்டுவிட்டான். முதலில் கனகேஸ்வரிக்கும் சந்தோசப் புளுகம்தான். பிறகு அட்டை கேட்டு ஓடர்கள் வந்தன. “ஹஸ்பண்டுக்கு நாற்பது வயசு, நல்லதா ஏதாவது எழுதுங்கோ அன்ரி.” அந்த மனுசன் எதற்குக் கோபிப்பான், தேத்தண்ணியை எப்படிக் குடிப்பான் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஆளைத் தெரியாமல் எழுதியதில் உயிர் இல்லை. அது அவருக்கே தெரிந்தது. பொத்தான் பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. புட்டு வெறும் புட்டாயிற்று.

ஒரு ஞாயிறு, தெஹிவளையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மிதுஷன் வாசலிலேயே தொடங்கினான்.

“அம்மா, பெரிய ஓடர்! ஒரு கலியாண வீட்டில வாற ஆக்களுக்குக் குடுக்க. ஒரு பாட்டு எழுதினாக் காணும். பேரை மட்டும் மாத்திப் போடலாம்.”

கனகேஸ்வரி கறிச்சட்டியை மேசையில் வைத்த சத்தத்தில், கணவர் சண்முகலிங்கம் பேப்பரை இறக்கினார்.

“பேரை மட்டும் மாத்திறதோ? அதைத்தானேடா கந்தோரில காலம் முழுக்கச் செய்தனான்!”

“உங்கட திறமை வீணாப் போகுதெண்டுதான் அம்மா…”

“என்ன வீணாப் போனது? ஹமீமா சிரிச்சது வீணோ? நான் யோசிச்சு யோசிச்சு எனக்குள்ளயே சிரிச்சது வீணோ? ஒராள் ஒண்டைச் செய்தா உடன விக்க வேணும், இல்லாட்டிப் போட்டிக்கு அனுப்ப வேணும்! சின்னனில நீ சாப்பிடேக்க, நான் மீன் பரிமாறுறதைக் கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லுவாய். வயிறு நோகச் சிரிப்பம். இந்த மனுசன் உன்னைக் கொண்டுபோய் அறிவிப்பாளர் வகுப்பில விட்டார். அதுக்குப் பிறகு நீ வீட்டில வாயே திறக்கேல்ல!”

சண்முகலிங்கம் பேப்பரை மறுபடி உயர்த்தினார்.

“இப்பத்தைய காலம் அப்பிடி, அம்மா.”

“காலத்தில பழியைப் போடாத. பக்கம் திறக்க முதல் என்னட்டக் கேட்டனியோ?”

மிதுஷன் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தான்.

கலியாண வீட்டுக்குக் கனகேஸ்வரியே போன் எடுத்தார். “குறை நினைக்காதேங்கோ பிள்ளை. உங்கட ஆக்களை எனக்குத் தெரியாது. தெரியாத ஆக்களுக்கு எழுத வராது.”

“அதுக்கென்ன அன்ரி, ஒருத்தரும் வாசிக்கப் போறேல்லத்தானே” என்றாள் மறுமுனையில் இருந்த பெண்.

கனகேஸ்வரிக்குக் காது இரண்டும் சுட்டன. வாசிக்காததற்கு எதற்குப் பாட்டு!

அன்று பின்னேரமே மிதுஷன் ஃபேஸ்புக் பக்கத்தை மூடினான். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. லிஃப்டில் யாராவது “விக்கலாமே அன்ரி” என்றால் சுருக்கென்று ஏறுகிறது. இப்போது பால்மாப் பைகளை வெட்டி, கடற்காற்றுக்குச் சுழலும் ஏதோவொன்றைப் பல்கனியில் கட்டப் பார்க்கிறார். அது சுழலவில்லை, தலைகீழாகத் தொங்கிச் சரசரக்கிறது. நித்திரை கெடுகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்லிவிட்டுப் போனார். கனகேஸ்வரி நூலை அவிழ்த்து, வேறு மாதிரிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.