முதலில் எந்தப் பாகம்

என் அண்ணன் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவன். அவன் கொண்டுவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பக்கம் பக்கமாக ஆல்பம் அமைப்பது என் வேலை. அவன் தாராவியில் இருந்தான். நான் கல்யாணமாகி செம்பூருக்கு வந்தபோது கம்ப்யூட்டரும் என்னோடு வந்தது. ஒற்றை அறை வீட்டில், பிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டோம். ஏதோ ஓர் ஆபீஸ் பழசையெல்லாம் கழித்துத் தள்ளியபோது அண்ணன் வாங்கியது. எங்களிடம் வரும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது.

சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்துவிட்டு அரிசி களைந்து, குக்கர் ஏற்றி, பிள்ளைக்குத் தலை பின்னி முடித்தபிறகுதான் திரையில் ஏதாவது தெரியும். மணமக்கள் படத்தைப் பெரிதாக்கினால் மாப்பிள்ளை பாதி வருவார், மீதி வர நேரமாகும். உள்ளே ஹார்ட் டிஸ்க் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். அதற்குள் இருப்பதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்.

இதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தவணையில் புதிது வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் வேண்டாம் என்றான். கேமராவுக்கு வாங்கிய கடனே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"ஏட்டி, இதுல எது முதல்ல சாவும்?" என்று கேட்டான்.

"டிஸ்க்தான்ணே."

"கையில இருக்க ரூவா ஒரு பாகத்துக்குத்தான் காணும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க ஒன்றும் இல்லை. மெமரி போதாவிட்டால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். டிஸ்க் போனால் போட்டோவெல்லாம் போய்விடும். அண்ணனுக்கு கிராபிக்ஸ் கார்டு மேல் ஆசை. எல்லோரும் இப்போது சின்னச் சின்ன வீடியோவாகக் கேட்கிறார்கள், அது இருந்தால் சட்டென்று வெட்டி ஒட்டிக் கொடுக்கலாம் என்றான். அது கடைசியில் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, சரி என்றான்.

குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லேமிங்டன் ரோட்டுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே, ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு கடை. எதற்கடுத்து எதை மாற்றுவது என்ற எங்கள் வரிசையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் தலையாட்டினார். முதலில் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி., அடுத்து மெமரிக்கு ராம், மூன்றாவதாக எஸ்.எம்.பி.எஸ். என்று அவரும் இந்தியில் அதையேதான் சொன்னார். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டி பழசாக இருக்கும்போது மேலே எதைப் போட்டாலும் ஆபத்து, கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம் என்றார். பிராசசரை மட்டும் தொடவேண்டாம், அதை மாற்றப்போனால் எல்லாவற்றையும் மாற்றவேண்டிவரும் என்றார். அப்போது அது எங்களுக்கு நல்ல செய்தியாகப் பட்டது. ஒரு செலவு குறைந்ததே என்று நினைத்துக்கொண்டோம்.

புது டிஸ்க் போட்ட அன்று அரிசி களைவதற்குள் கம்ப்யூட்டர் தயாராகி நின்றது. ராம் வாங்க அதற்கப்புறம் நாலைந்து கல்யாணம் ஆகவேண்டியிருந்தது. எல்லாப் பாகமும் உட்கார்ந்திருக்கிற அந்தப் பழைய போர்டுக்கேற்ற ராம் புதிதாக வருவதில்லை, யாரோ பயன்படுத்திக் கழித்ததைத்தான் தேடி வாங்கினோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இன்னும் நாளானது. அந்த மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மேகம் கறுத்தாலே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் ஒவ்வொரு பாகத்தையும் மருந்து வாங்கி வருவதுபோலச் சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவருவான். மாட்டி முடித்ததும் மூடியை லேசாகத் தட்டுவான். மூன்றும் மாட்டியாயிற்று. பத்துப் படத்தை ஒன்றாகத் திறந்தாலும் திணறவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அது ஒரு மாதம்கூட இருந்திருக்காது.

எங்கள் ஆல்பங்களை அச்சடித்துக் கொடுப்பது தாதரில் ஒரு லேப். நான் பக்கங்களை முடித்து, அவர்கள் கொடுத்திருந்த ஒரு சாப்ட்வேர் வழியாக அனுப்பவேண்டும். அதை நிறுத்திவிட்டுப் புதிது கொண்டுவருவதாக மெசேஜ் வந்தது. புதிதை இறக்கினேன். இந்த விண்டோஸ் பழசு, இதில் ஓடாது என்றது. சரியென்று புது விண்டோஸைப் போடப் பார்த்தேன். இந்தப் பிராசசர் பழசு, இதில் ஏறாது என்றது. வேறு வழி இருக்குமென்று யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்துபார்த்தேன். ஏறியது, நடுவில் நின்றது, பழையதும் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று.

மறுபடி அதே மாடிப்படிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமையாகத்தான் விளக்கினார். புது பிராசசர் இந்த போர்டில் உட்காராது. புது போர்டு வாங்கினால் இந்த ராம் அதில் பொருந்தாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொள்ளலாம், டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். அவர் கால்குலேட்டரில் போட்டுக் காட்டிய, எங்கள் கைக்கு எட்டாத தொகையை அண்ணன் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டான். நாங்கள் மாற்றிய வரிசையில் எங்கேயாவது தப்பு இருந்ததா என்று.

இல்லை என்றார் அவர். அந்த மெஷினுக்கு அதுதான் சரியான வரிசை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்றார்.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதுதான் தாங்கவில்லை. தப்பு இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்போம். நீ சொன்னதால்தான் என்று அவனும், உன் கிராபிக்ஸ் கார்டு ஆசையால்தான் என்று நானும் நாலு நாள் பேசாமல் இருந்து, பிறகு பேசியிருப்போம். திரும்பி வரும்போது வண்டியில் இடம் கிடைத்தும் அண்ணன் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.

பென் டிரைவில் கொண்டுவந்து தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்று லேப்பில் கேட்டுப் பார்த்தேன். அப்படி வாங்கினால் அவர்களுடைய டிசைனர்தான் மறுபடி எல்லாவற்றையும் அமைக்கவேண்டும், அதற்குத் தனிக் கூலி என்றார்கள். அண்ணன் சில கல்யாணங்களை அப்படியே அவர்களிடம் கொடுத்தான். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று, அவனுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று. ஆல்பமே வேண்டாம், போட்டோவை போனுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்பவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். பெரிய ஸ்டூடியோக்காரர்கள் கூப்பிட்டால் இரண்டாவது கேமராமேனாகப் போய்வந்தான். அதுவும் நின்றது.

ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் வந்தான். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கேமராவை விற்றுவிட்டதாகச் சொன்னான். அம்பர்நாத்தில் ஒரு பேக்டரியில் பேக்கிங் வேலை, திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றான்.

"என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அதுக்கப்புறம் என்ன செய்ய?"

போகும்போது கம்ப்யூட்டரைக் காட்டி, பிள்ளை படிக்க ஆகும், வைத்துக்கொள் என்றான். நான் தலையை ஆட்டினேன். பிள்ளை போனில்தான் படிக்கிறாள்.

இப்போது நான் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பார்கோடைக் காட்டினால் விலை வருகிறது. கம்ப்யூட்டர் ஜன்னலோரத்தில் அப்படியே இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன் செய்வேன். உடனே வந்துவிடும். எதைத் திறப்பது என்று தெரியாமல் அணைத்துவிடுவேன்.

போன மாதம் சீத்தா கேம்பில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், மெலிந்திருந்தான். யாரோ இரண்டு இளவட்டப் பையன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். அண்ணனும் பழக்கத்தில் விறுவிறுவென்று மேடையின் இடதுபக்கம் போய்விட்டான். எப்போதும் அவன் நிற்கும் இடம் அது. அந்தப் பையன்களில் ஒருவன், "அங்கிள், தோடா சைடு" என்று கையால் ஒதுக்கினான். அண்ணன் ஒதுங்கிக்கொண்டான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல முதலில் பின்னால் கட்டினான், பிறகு பைக்குள் விட்டான், பிறகு வெளியே எடுத்தான். யாரோ அட்சதைத் தட்டை நீட்டினார்கள். அதில் ஒரு கை அள்ளிக்கொண்டான். மேளம் கொட்டி, தாலி கட்டி, எல்லோரும் போட்டு முடித்தபிறகும் அதைப் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.