மிராசுதார் தெருவில் புகைந்த ஒயர்

பழைய அம்பாசிடர் வாங்கிய கையோடு, கும்பகோணத்தில் ஒரு கேசட் ஸ்டீரியோவும் வாங்கி நானே மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு நாலு ஒயர் பெரிதா என்ற தைரியம். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன். நடுவில் ஃபியூஸ் வைக்கவில்லை.

மறுநாள் அப்பாவை அருகில் உட்கார வைத்து, பாட்டுப் போட்டுக்கொண்டு மிராசுதார் தெரு வழியாகப் போனேன். அப்பா அங்கே பண்ணையாளாக இருந்தவர். அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நடப்பார். பாதித் தெருவில் பாட்டு நின்று, டாஷ்போர்டுக்குக் கீழே புகை வந்தது. காரை நிறுத்தி இறங்கி, ஓடிப்போய் பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். விரல் சுட்டுவிட்டது.

பெரிய வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு டீச்சர்? தெருவை விட்டுத் தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார்.

"தள்ளிடலாம்மா" என்று அப்பா இறங்கப் போனார்.

"நீங்க உக்காருங்கப்பா. சரி பண்ணிட்டுத்தான் போறோம்" என்றேன், பெரிய வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி.

என்ஜின் பக்கமிருந்து ஒயர் உள்ளே வரும் ஓட்டையின் விளிம்பு அதை அறுத்திருந்தது. உள்ளிருந்த செம்புக் கம்பி காரின் தகரத்தில் பட்டிருந்தது. கடைத்தெருவுக்கு நடந்துபோய் புது ஒயர், ஃபியூஸ், ஓட்டைக்கு ரப்பர் வளையம் எல்லாம் வாங்கிவந்து அங்கேயே மாட்டினேன். அதுவரை அப்பா காரை விட்டு இறங்கவில்லை. பாட்டு வந்ததும் அவரே சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது எந்த ஒயரைத் தொடுவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன். அதன் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கிறேன். போகும் வழியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.