மயில்துத்தமும் ஒரு சம்பந்தியும்

உலகத்திலேயே அழகான விஷம் எது என்று கேட்டால் மயில்துத்தம் என்றுதான் சொல்வேன். எங்கள் தொழிலின் பேஜாரெல்லாம் அந்த அழகில்தான் ஆரம்பிக்கிறது. மயில் கழுத்து நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி மூட்டையில் பளபளவென்று கிடக்கும். செம்பிலிருந்து எடுக்கிற உப்பு. முலாம் பூசும் பட்டறைக்கும் போகும், திராட்சைத் தோட்டத்துக்கும் போகும். தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் அதை நிறுத்துக் கொடுப்பது என் வேலை.

ஆசிட், பூச்சிமருந்து, பெயின்ட் என்று தொட்டால் கை கழுவ வேண்டிய சரக்கு விற்கிற சகோதர சகோதரிகளே, நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இதெல்லாம் என் பொண்ணு பவானிக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில் நடந்தது.

முதல் மரியாதை

மாப்பிள்ளையின் அப்பா தனகோடி, காசிமேட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். பையனுக்கும் பவானிக்கும் பிடித்துப்போய்விட்டது. இவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்வதுதான் பாக்கி. பொண்ணோட அப்பன் என்ன வேலை செய்கிறான் பார்க்கலாம் என்று ஒருநாள் நேராகக் குடோனுக்கே வந்துவிட்டார்.

குடோனுக்குள் டீ, பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. அதனால் வெளியே டீ சொல்லலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன். அதற்குள் மனுஷன் திறந்த மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, “சோக்கா கீதே, கல்கண்டா?” என்று வாய்க்குக் கொண்டுபோகிறார். பாய்ந்து போய் விட்டேன் பாருங்கள் கையில் ஒரு அடி! கல் ஒரு பக்கம், அவர் செல்போன் ஒரு பக்கம். அப்படியே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். உள்ளே போனால் வாந்தி நிற்காது, குடல் புண்ணாகும், கிட்னி போகும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிவந்த கையை ஊதிக்கொண்டே சொன்னார்: “பொண்ணு கேட்டு வந்தவன் கையிலயே இந்த அடி அடிக்கிறியே மாமு, உம் பொண்ணு எம் புள்ளைய இன்னா அடி அடிக்குமோ!”

வெளுத்துப்போன சரக்கு

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் காதர் பாய். திருவொற்றியூரில் முலாம் பட்டறை வைத்திருப்பவர், எனக்கும் தனகோடிக்கும் தோஸ்து. அடி விஷயத்தை ஆற்றிவிடச் சொல்லி அவரைக் கெஞ்சலாம் என்று இருந்தேன். அவரோ ஒரு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு கோபமாக வருகிறார். சட்டியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. “சாயம் ஏத்தின சரக்கக் குடுத்துட்டியே! மழையில நனைஞ்சிதுன்னு அடுப்புல வச்சு வறுத்தேன், மொத்தமா வெளுத்துப்போச்சு!”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மயில்துத்தத்துக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. சூட்டில் அது ஓடிவிட்டால் நீலமும் கூடவே ஓடிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ‘சுர்’ரென்று சூடாகி, மறுபடியும் நீலம்! வறுக்கிற வேலை இனி வேண்டாம், அந்தப் புகையும் தூசும் நெஞ்சுக்கு ஆகாது என்றேன். பாய் காதில் அது விழவேயில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் காட்டினார்: “இங்கயும் ரெண்டு சொட்டு வுடு மாமு, இதுவும் வெளுத்துதான் கீது!”

தினம் ஒரு சாவு

வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நான் குளித்தாக வேண்டும். சட்டை தனி வாளி, மற்ற துணியோடு சேரக்கூடாது. தூசி வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் வீட்டுக்காரி சரோஜா போட்ட உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் வாசலில் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்?

பாய் எப்படியோ பேசித் தனகோடியைச் சமாதானம் செய்து, பூ வைக்க வரச் சொல்லியிருந்தார். சாயங்காலம் என்று சொன்னவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் நாலைந்து பெண்களும் தட்டோடு தெரு முனையில் திரும்பும்போது, நான் ஈர வேட்டியோடு சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சாவு வீடு என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு அம்மாள் தட்டை முந்தானையால் மூடியேவிட்டாள். எனக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீரிலும் வேர்த்தது. நல்ல வேளை, எதிர்வீட்டு ரோசியம்மா ஜன்னலிலிருந்து கத்தி அவர்களை உள்ளே அனுப்பினார்: “யக்கா, அது துஷ்டி இல்ல, நீ தைரியமா உள்ள போ! அந்தாளு டெய்லி இப்படித்தான் குளிக்குது. சாவுன்னா இந்நேரம் அவுங்க வம்சமே காலியாயிருக்கும்!”

காலி டிரம்

பூ வைத்தாயிற்று. தேதியும் குறித்தாயிற்று. மறுநாள் தனகோடி குடோனுக்கே வந்து கேட்டார்: “சம்பந்தி, கல்யாணத்துக்குக் குடிதண்ணி ரொப்ப ரெண்டு காலி டிரம்மு குடு.”

எங்கள் பக்கம் தண்ணீர் லாரி வருகிற லட்சணத்துக்கு ஒரு டிரம் என்பது தங்கம். அதனால்தான் எங்கள் குடோனில் ஒரு கண்டிப்பான வழக்கம்: மயில்துத்தக் கரைசல் வந்த டிரம் காலியானால் அடியில் கடப்பாரையால் ஓட்டை போட்டுத்தான் வெளியே விடுவோம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் கொஞ்சம் விஷத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

“புளி போட்டுத் தேச்சுக்கறேன் சம்பந்தி.”

“தேச்ச தண்ணிய எங்க ஊத்துவ? சாக்கடைல வுட்டா கால்வாய், கால்வாய்ல போனா கடலு. உன் மீனுதான் சாவும்.”

அவர் ஒரு டிரம்மைத் தோளில் தூக்கினார். நான் இறக்கினேன். அவர் தூக்கினார். நான் கடப்பாரையை எடுத்து அவர் எதிரிலேயே அங்கே காலியாகக் கிடந்த நாலு டிரம்மையும் நங் நங்கென்று குத்திவிட்டேன். “ஒரு டிரம்முக்கு வக்கில்லாதவன் வூட்ல சம்பந்தம் வச்சா காசிமேட்டுல என் மூஞ்சில மீனு கூட முழிக்காது! கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!” என்று போய்விட்டார். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பவானி மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தாள்: “நைனா, நீ ஓட்ட போட்டது டிரம்முல இல்ல, என் கல்யாணத்துல.”

சிவந்த ஸ்பேனர்

தனகோடி விடுகிற ஆளா? கல்யாணம் வேணாம் என்றது வாய்தான், மனசு கல்யாணத் தண்ணிக்கு டிரம் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கொடுங்கையூர் பக்கம் ஒரு பழைய டிரம் கடையில் நீல டிரம் ஒன்று வாங்கி, கழுவலாம் என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருக்கிறார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்ததாம். வேலை அவசரத்தில் ஒரு பழைய இரும்பு ஸ்பேனர் அதற்குள் விழுந்துவிட்டது. காலையில் எடுத்தால் ஸ்பேனர் செக்கச்செவேல்! இரும்பு கிடைத்தால் மயில்துத்தம் சும்மா விடாது, செம்பை அதன்மேல் அப்பிவிடும். அவர் வாங்கினதும் மயில்துத்தக் கரைசல் வந்த டிரம்தான், வேறு எவனோ ஓட்டை போடாமல் விற்றது.

காதர் பாயையும் இழுத்துக்கொண்டு குடோன் வாசலில் வந்து நின்றார். கோபமெல்லாம் போய் முகம் வெளிறிக் கிடந்தது. அந்தத் தண்ணீரை அப்படியே கேனில் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார், ஒரு சொட்டு சாக்கடையில் விடவில்லை. டிரம்மையும் கொண்டுவந்திருந்தார். கடப்பாரையை நான் எடுக்கப் போனால் தட்டிப் பறித்துக்கொண்டார்: “தள்ளு சம்பந்தி, இந்த ஓட்டைய நான் போடறேன், என் சொந்தக்காரன் மொத்தப் பேரும் இத்த குடிச்சிருப்பானே!”

கல்யாணத்தில்

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் சம்பந்திக்குப் பயம் தெளியவில்லை. பட்டு வேட்டி மடிப்பில் வேறொரு ஸ்பேனர். கொஞ்சமாய்க் கலந்திருந்தால் ஸ்பேனர் காட்டிக்கொடுக்காது, சந்தேகமான பாத்திரத்தைத் தொடாமல் இருப்பதுதான் வழி என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! தண்ணீர் அண்டா, மோர் அண்டா என்று ஒன்று விடாமல் முக்கி முக்கிப் பார்த்தார். பவானி தாலி ஏறிய கழுத்தோடு மேடையிலிருந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்: “யோவ், ரசத்துல ஸ்பேனர வுடறியே, இது கல்யாண மண்டபமா, மெக்கானிக் ஷெட்டா?”

மொத்தத்தில் எங்கள் தொழிலில் விஷத்தை மூடி வைக்க ஆயிரம் வழி இருக்கிறது, அதைத் திறந்து பார்க்க வருகிற சொந்தக்காரர்களை மூடி வைக்கத்தான் இன்னும் யாரும் டிரம் செய்யவில்லை.