கரிப் பஸ் நிற்காத மேடு

புருஷன் செத்த வருஷமே முத்தாயம்மாள் வண்டிக் கயிற்றைக் கையில் பிடித்தாள். அதற்கப்புறம் முப்பது வருஷம் திருச்செங்கோட்டுச் சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சீர் செனத்தி விசேஷங்களுக்கும் தானே ஓட்டிப் போனாள். அறுபத்தெட்டு வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாட்டுக்கு வழி தெரியும் என்று நம்பினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ஒரு சந்தை நாள். சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. கல்லென்று நினைத்து மாட்டை முடுக்கினாள். அலறல் கேட்டபிறகுதான் கயிற்றை இழுத்தாள். வெற்றிலைக்கூடையோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆராயியின் பாதம் கூழாகிக் கிடந்தது. அவள் அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.

மறுவாரம் மகன் சின்னண்ணன் வண்டி மாட்டைச் சந்தையில் விற்றுத் தள்ளிவிட்டு வந்தான்.

"இனி நீ ஓட்டுனா கொலைதான் வுழும், ஆத்தா. எங்க போவோணுமோ சொல்லு, நாங் கூட்டிட்டுப் போறேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆராயியின் கத்தல் காதைவிட்டுப் போகவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவன் ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. கோயிலுக்கு என்றால், "உன்ற கண்ணுக்குச் சாமி தெரியுமா?" என்று சிரிப்பான்.

அடுத்த வருஷம் ராசிபுரத்திலிருந்து ஆள் வந்தது. தங்கை ராமாயி படுத்த படுக்கையாகிவிட்டாள். அக்காளைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

"கடலை புடுங்கி முடியட்டும்" என்றான் சின்னண்ணன்.

எட்டு நாள் பொறுத்தாள். தினமும் விடிந்ததும் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். மருமகள், "இன்னிக்கில்லீங்க" என்பாள். ஒன்பதாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்குப் போய்ப் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் கொதிகலன் மாதிரி அடுப்பு கட்டி, கரி போட்டு ஓட்டினார்கள். வையப்பமலை தாண்டி ஒரு மேட்டில் வண்டி திணறியது.

"அல்லாரும் எறங்கித் தள்ளுங்க!" என்றான் கண்டக்டர்.

"நானுமா, சாமி?"

"உன்ற கனம் கனமில்லையா? எறங்கு, ஆத்தா. மேல ஏறுனதும் ஏத்திக்கறேன்."

அவள் தடவித் தடவி இறங்கினாள். பஸ் உறுமி நகர்ந்தது. தள்ளியவர்கள் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. "சாமி, நானிருக்கறனுங்க!" என்று கத்தினாள். உள்ளே யாரோ சிரித்தது மட்டும் கேட்டது.

ராசிபுரம் இன்னும் ஐந்து மைல். ரோட்டு ஓரத்துச் சரளையைக் காலால் உணர்ந்து நடந்தாள். எதிரே வந்த பாரவண்டிக்காரன், "கண்ணு தெரியலீன்னா ஊட்ல கெடக்கறதுதானே, கெழவி!" என்று திட்டினான். விலகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தாள். முழங்கை கிழிந்தது.

பொழுது சாயும்போது ராமாயியின் வாசலை அடைந்தாள். ஈரச்சாணி மணத்தது. வாசலைக் கழுவித் தெளித்திருந்தார்கள். ராமாயியின் மகன் தீர்த்தகிரி மொட்டைத் தலையோடு நின்றான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா, பெரியம்மா? மத்தியானந்தான் எரிச்சுட்டு வந்தோம். எட்டு நாளா வண்டிச் சத்தம் கேக்கறப்பெல்லாம், 'அக்கா வந்துட்டா'ன்னு தலையத் தூக்குச்சு."

அவள் அழவில்லை. முழங்கை ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாவுச் சேதி கேட்டு மறுநாள் காலையில் சின்னண்ணன் வாடகை மாட்டுவண்டியில் வந்தான். சாவு வீட்டுச் சனங்கள் பார்க்க, ஆத்தாளைக் குழந்தைபோலத் தூக்கி உட்காரவைத்தான். "பெத்தவளத் தாங்கறாம் பாரு" என்றாள் ஒருத்தி.

ஊரெல்லை தாண்டியதும் முத்தாயம்மாள் கேட்டாள்: "இந்த வண்டி போன வாரங் கெடைக்கலியா?"

"கெடைச்சுது. கடலை ஏத்துனேன்."

அவன் மாட்டை விரட்டினான். மத்தியானத்துக்குள் கடலைக்காட்டுக்குப் போகவேண்டியிருந்தது.