பெரிய வௌவால் கிடைக்காத ஞாயிறுகள்

ஈசூனில் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிப் பெருக்குவது இப்போது என் வேலை. விசிறிப்பனை ஓலைக்கடியில் தொங்கும் சின்ன வௌவால்கள் பழத்தைச் சப்பித் துப்பும். அவை போடுகிற குப்பைதான் எனக்குச் சோறு. படிப்பு ஏறாத மண்டை எனக்கு. பள்ளிக்கூட அறிவு வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் கைகொடுத்தது. அதுவும் பொய் சொல்ல.

எட்டு வயதில் எனக்கு இழுப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும். இழுப்புக்கு வௌவால் கறியை விட்டால் மருந்தே இல்லை என்பது கப்பல் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாவின் நம்பிக்கை. ஒரு ஞாயிறு வலையோடு வந்து எங்கள் புளோக் பனைக்குக் கீழே நின்றுவிட்டார்.

ஓலைக்கடியில் எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு உடம்பு, நாய்க்குட்டி மூஞ்சி. இதை எப்படித் தின்பது?

"சித்தப்பா, இது சின்ன ரகம். இதுல மருந்து கிடையாது. பெருசு ஒண்ணு இருக்கு, றெக்கைய விரிச்சா என்னைவிட நீளம். அதுலதான் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க."

இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் பழம் தின்னும் என்பது வரைதான் டீச்சர் சொன்னது. மருந்து என் சரக்கு.

ஊரில் ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்குமே, அதுவா என்று கேட்டுவிட்டு வலையைச் சுருட்டினார். அன்றிலிருந்து வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவில் படகேறி புலாவ் உபின் தீவுக்குப் போவார். நாள் முழுக்க மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். நான் மறைவாகப் போய்ச் சிரிப்பேன். சிரித்தால் இழுப்பு வரும். அப்போதும் விடமாட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையெல்லாம் கொசுக்கடித் தடிப்பு.

"படகுக்கார அங்கிள் சொல்றாரு, முன்னெல்லாம் கூட்டமா வருமாம். காட்டையும் வெட்டி, கறிக்கு மருந்துக்குன்னு சுட்டும் தீத்துட்டாங்களாம். இப்ப எப்பவாச்சும் ஒண்ணு வந்தா உண்டு. உனக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலடா."

சின்னது நம் தலைக்கு மேலேயே பிழைத்துக்கிடக்க, பெரியது அழிகிற பட்டியலில் ஏறிய கதையெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தப்பித்த சந்தோஷம் மட்டும்தான். சித்தப்பா வெகுநேரம் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொசு கடித்தது அவர் கையில், தேய்ப்பது என் முதுகையா, இவ்வளவு விவரமில்லாத மனுஷனா என்று நினைத்து அதற்கும் சிரித்தேன்.