எபோர் நீர்வீழ்ச்சியில் எடுத்த கல்

பொய் சொன்னது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நார்த்மீட் புறநகரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. அகதியாகப் படகில் வந்து, முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டு எங்களிடம் வந்தவர். வேலைக்குப் போக அவருக்கு அனுமதி இல்லை. சின்னக் குற்றம் ஒன்று பதிவானாலும் அந்த விசா போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். புல் வெட்டினார், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார், கேட்காமலே என் பென்சில்களைச் சீவி வைத்தார்.

விடுமுறைக்கு அப்பா எங்களை வடக்கே எபோர் நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப் போனார். ஒரு பகல் முழுக்க ஓட்டம். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும், தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றில் அள்ள வேண்டும். அதனால் எங்கள் எல்லோரையும்விட ஆசையாக இருந்தவர் சித்தப்பாதான்.

அங்கே மலை எதுவும் கண்ணில் படவில்லை. புல்வெளிக்கு நடுவே நிலம் சட்டென்று உடைந்து, ஆறு உள்ளே விழுகிறது. விழுகிற இடத்துக்குப் பின்னால் கறுப்புக் கல்தூண்கள், விறகுக் கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல நெருக்கமாக நின்றன. அம்மாவும் அப்பாவும் கார்த்தரிப்பிடத்தில் புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா என்னைத் தகவல் பலகைக்கு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். முன்பு இங்கே பெரிய எரிமலை இருந்தது. அதன் லாவா ஓடி வந்து படிந்து, குளிர்ந்து சுருங்கும்போது வெடித்துத் தூண்களானது. தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து தூண்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது. அதனால் நீர்வீழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது.

“குளம் வத்தினாச் சேறு வெடிக்கும், அது மாதிரித்தான்,” என்றார். பிறகு சிரித்தார். “அப்ப இதுவும் எங்களைப் போல இடம்பெயருது எண்டு சொல்லு.”

நான் சிரிக்கவில்லை. என் கண் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு கல்லில் இருந்தது. உள்ளங்கை அளவு, இரண்டு பக்கம் வெட்டியதுபோல நேராக இருந்தது. வகுப்பில் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சித்தப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றார். நான் வேலிக்குக் கீழே புகுந்து, கல்லை எடுத்து வந்து அவர் தோளில் தொங்கிய பையில் போட்டேன். அவருக்குத் தெரியாது.

பூங்கா ரேஞ்சர் ஒருத்தர் நடந்து வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். வேலியைத் தாண்டி யாரோ போனதைக் கண்டேன், இங்கே கல் எடுக்கக் கூடாது, யார் எடுத்தது என்று. அம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும். நான் சித்தப்பாவைக் காட்டினேன். “ஹீ டுக் இட்.”

அந்த அளவு இங்கிலிஷ் சித்தப்பாவுக்கு விளங்கும். என்னைப் பார்த்தார். பையைத் திறந்தார், கல்லைக் கண்டார். “யெஸ் சேர். மீ. சொறி சேர்.”

ரேஞ்சர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அபராதம் இல்லை, இனிமேல் செய்ய வேண்டாம் என்றார். சித்தப்பா கேட்காமலே விசா அட்டையையும் எடுத்து நீட்டினார். அது தேவையில்லை என்று ரேஞ்சர் சொல்லியும் உடனே உள்ளே வைக்கவில்லை.

அவர் புட்டுச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். திரும்பும் வழியில் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, அந்தாள் என்ன எழுதினவர்?”

“பேர்.”

“பேர் மட்டுமோ? வீட்டு விலாசம் கேட்டவரோ?”

“ஜஸ்ட் யுவர் நேம், ஓகே?” என்று எரிந்து விழுந்துவிட்டு ஐபாடைத் தட்டினேன். அரைமணி கழித்து மறுபடி கேட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அப்பாவிடமோ அம்மாவிடமோ அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு தினமும் தபால்பெட்டியை முதலில் திறந்தவர் அவர். மூன்று கிழமை கழித்து, தெற்கே வேறு மாநிலத்தில், டண்டினொங்கில் ஊர்ப் பெடியள் நாலு பேர் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறார்கள், அங்கே போகிறேன் என்றார். அப்பா கோபப்பட்டார். சொந்தத் தமையன் வீட்டில் என்ன குறை என்று கத்தினார். சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பின்னறை கிடைத்தது. சந்தோஷப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

அம்மா போன வருடம்தான் சொன்னார். சித்தப்பா போவதற்கு முன் அம்மாவிடம் மட்டும், என்னால் உங்களுக்கு ஒரு கரைச்சல் வரக் கூடாது அண்ணி, பொலிஸ் தேடி வந்தால் இந்த விலாசத்துக்கு வரக் கூடாது என்று சொன்னாராம். என்ன நடந்தது என்று அம்மா கேட்டதற்கு, தான் தெரியாத்தனமாக ஒரு கல்லை எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இன்னமும் அதை நம்புகிறார். சித்தப்பாவுக்கு விசா இன்னும் சரிவரவில்லை. நான் டண்டினொங் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது?

ஒன்பது வயதில் என் பெயர் எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. சாப்பாட்டுப் பெட்டியில், நீச்சல் தொப்பியில், மழைச்சட்டைக் கழுத்தில். எழுதினால் பொருள் தொலையாது, யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். பெயரை எழுதுவதில் பயப்பட என்ன இருக்கிறது என்று, காரில் சித்தப்பாமேல் எனக்கு எரிச்சலாக இருந்தது.